இருபது டொலர் துவக்கு

போன செமஸ்டர் லீவில நாங்கள் நாலு பேர் ஒரு அறையில இருந்து வீடியோ ஒண்டு பார்த்தம். அமெரிக்காவில ஒரு வயசான மனிசன் தன்ர கராஜில நிண்டு பழைய ரஷ்யத் துவக்கு ஒண்டைக் கழுவுறார். மரப்பெட்டியில இருந்து எடுத்தபடியே முழுக்க மண்ணிறக் கிறீஸ். சுடுதண்ணி ஊத்தி, துணியால துடைச்சு, மேசையில வைச்சு அழகு பார்க்கிறார். பிறகு வாளை எடுத்து அதின்ர மரத்தை அறுக்கத் தொடங்குறார். நூறு டொலருக்கும் குறைவாத்தான் வாங்கினவராம்.

“இதென்ன, பழைய சைக்கிள் வாங்கித் திருத்துற மாதிரியெல்லோ செய்யிறார்” எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

எங்கட வயசுக்காரருக்குத் துவக்கு எண்டால் சோதனைச்சாவடி. பங்கருக்குள்ள எங்களை மடியில வைச்சிருந்த அம்மாக்கள். வளவைக் கொத்தேக்க ஒரு ரவை வெளிப்பட்டால் தொடாமல் ஆக்களைக் கூப்பிட வேணும் எண்டு பள்ளிக்கூடத்திலயே சொல்லித் தந்தவை. அப்படி வளர்ந்த எங்களுக்கு, ஒரு இராணுவத்தின்ர துவக்கைக் கடையில மலிவா வாங்கி, வெட்டி, அரம் போட்டு, வார்னிஷ் பூசி மான் வேட்டைக்குக் கொண்டுபோறது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கா இருந்திருக்கு எண்டது விளங்கவே இல்லை. தேடி வாசிச்சம். வாசிக்க வாசிக்க, இது துவக்கைப் பற்றின கதை மட்டுமில்லை, யுத்தம் முடிஞ்ச பிறகு அதின்ர சாமான்களுக்கு என்ன நடக்குது எண்ட கதை எண்டு பட்டது.

மிச்சம் எப்படி உருவாகுது?

ஒரு இராணுவம் புதுத் துவக்குக்கு மாறேக்க பழையது பழுதாகிப் போறதில்லை. அது அப்படியே நல்லாத்தான் இருக்கும். ஆனால் இனி அதுக்குத் தோட்டா செய்யமாட்டினம், களஞ்சியத்தில வைச்சிருக்க இடமும் காசும் வேணும். 1886இல் பிரான்ஸ் புகையில்லாத வெடிமருந்தோட லெபெல் துவக்கைக் கொண்டுவந்தவுடன, மற்ற நாடுகள் எல்லாம் பின்னால ஓடவேண்டி வந்தது. அமெரிக்காவையே எடுங்கோ. 1892இல் க்ராக் எண்ட நோர்வே நாட்டு வடிவமைப்பை ஏற்றுக்கொண்டது. 1898இல் கியூபாவில ஸ்பானியரின்ர மவுசர் துவக்குகளிட்ட நல்லா வாங்கிக் கட்டின பிறகு, 1903இல் மவுசரைப் பார்த்தே ஸ்பிறிங்ஃபீல்ட் துவக்கைச் செய்தது. பதினொரு வருசத்தில ஒரு தலைமுறைத் துவக்கு முழுக்க ‘மிச்சம்’ ஆகிவிட்டது.

இந்த மிச்சத்தில பெரிய வியாபாரம் செய்தவர் நியூயோர்க் புறூக்ளினில இருந்த பிரான்சிஸ் பானர்மன். ஸ்பானிய யுத்தம் முடிஞ்சவுடன கைப்பற்றின ஆயுதங்களில பெரும் பங்கை அவர்தான் வாங்கினார். நகரத்துக்குள்ள அவ்வளவு வெடிமருந்தை வைச்சிருக்க ஏலாது எண்டபடியால் 1900இல் ஹட்சன் ஆற்றில பொலிபெல் எண்ட தீவை வாங்கி, அதில ஸ்கொட்லாந்துக் கோட்டை மாதிரி ஒரு களஞ்சியம் கட்டினார். கட்டலொக் அச்சடிச்சுத் தபாலில துவக்கு வித்தார். பீரங்கி, வாள், சேணம், இராணுவத் தொப்பி எல்லாம் அதே கட்டலொக்கில இருந்தது. 1918இல் அவர் செத்தார். 1920இல் அந்தத் தீவில வெடிமருந்து வெடிச்சு ஒரு பகுதி சிதறினது. மிச்சச் சுவர் இப்பவும் நிக்குது, சுவரில அவற்ற பெயரும் இருக்கு.

வினோதம் என்னெண்டால், பானர்மன் ஒரு பக்தியான கிறிஸ்தவர். தன்ர ஆயுதக் குவியல் ஒரு நாள் ‘மறைந்துபோன கலைகளின் அருங்காட்சியகம்’ ஆக வேணும் எண்டு ஆசைப்பட்டவர். ஆசை உண்மையா இருக்கலாம். ஆனால் அந்த நாள் வரும்வரைக்கும் விற்பனை நிக்கேல்லை.

பணக்காரர் தொடங்கினது

இராணுவத் துவக்கை வேட்டைத் துவக்கா மாத்துறதுக்கு ஆங்கிலத்தில ‘ஸ்போர்ட்டரைஸ்’ எண்டு சொல்லுவினம். இதைப் பிரபலமாக்கினது ஏழை விவசாயி இல்லை, ஜனாதிபதி. தியோடர் ரூஸ்வெல்ட் புது ஸ்பிறிங்ஃபீல்டை அரச ஆயுதத் தொழிற்சாலையிலயே தனக்கெண்டு மாத்திச் செய்விச்சார். 1909இல் ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகேக்க கொண்டுபோன துவக்குகளில அதுவும் ஒண்டு. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதின புத்தகம், தளபாடத் தச்சரான சீமோர் கிறிஃபின் எண்டவரின்ர கையில கிடைச்சது. அவரும் ஒரு ஸ்பிறிங்ஃபீல்டை வாங்கி, மேசை கதிரைக்குப் பாவிக்கிற நல்ல மரத்தில தானே உடல் செய்தார். கடைசியில 1923இல் நியூயோர்க்கில ‘கிறிஃபின் அன்ட் ஹோ’ எண்ட கொம்பனியே பிறந்தது. எழுத்தாளர் ஹெமிங்வே வைச்சிருந்த ஸ்பிறிங்ஃபீல்டும் அவையின்ர வேலைதான்.

காசுள்ளவை தச்சரிட்டக் குடுத்துச் செய்விச்சதை, காசில்லாதவை கராஜில தாங்களே செய்யத் தொடங்கினது பிறகுதான். அதுக்கு அரசாங்கமே வழி செய்தது. குடிமக்கள் குறிபார்த்துச் சுடப் பழகினால் அடுத்த யுத்தத்துக்கு உதவும் எண்டு 1903இலேயே ஒரு தேசிய சபை அமைச்சிருந்தவை. முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பழைய க்ராக் துவக்குகளைச் சுடுவோர் சங்கத்து அங்கத்தவருக்கு மிச்சம் மலிவா வித்தவை.

எல்லா மாத்தமும் நல்லா முடியேல்லை. ஒரு உதாரணம். முதலாம் உலக யுத்தத்தில ரஷ்யச் சார் அரசு, மொசின்-நகான் துவக்குகளை அமெரிக்கத் தொழிற்சாலைகளிட்ட ஓடர் குடுத்தது. 1917இல் புரட்சி வந்து ஓடர் நிண்டுபோச்சு. தொழிற்சாலைகள் முறிஞ்சு போகாமல் இருக்க அமெரிக்க அரசு மிஞ்சினதை வாங்கினது. அதில கொஞ்சத்தை, 1918இல் வட ரஷ்யாவுக்கு அனுப்பின அமெரிக்கப் படையின்ர கையிலயே குடுத்தது. ரஷ்யனுக்கெண்டு அமெரிக்கன் செய்த துவக்கோட, அமெரிக்கன் ரஷ்யாவுக்குப் போய்ச் சண்டை பிடிச்சான்! மிச்சம் பொதுச்சந்தைக்கு வந்தது. பானர்மன் கொம்பனி அதில ஒரு தொகையை அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி மாத்தி வித்தது. ஆனால் ரஷ்யத் தோட்டாவும் அமெரிக்கத் தோட்டாவும் அளவில வேற வேற. அந்த மாத்தின துவக்குகள் சுடுறவருக்கே ஆபத்து எண்டு இண்டைக்கும் எச்சரிக்கிறவை. மலிவுக்கு ஆசைப்பட்டவைக்குக் கிடைச்சது அதுதான்.

1945க்குப் பிறகு

உண்மையான வெள்ளம் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான். ஜேர்மனியின்ர மவுசர், பிரித்தானியாவின்ர லீ-என்ஃபீல்ட், இத்தாலியின்ர கார்கானோ, ஜப்பானின்ர அரிசாகா எண்டு கோடிக்கணக்கான துவக்குகள் உலகம் முழுக்கக் குவிஞ்சு கிடந்தது. தோத்த நாடுகளுக்கு அது வேண்டாம். வெண்ட நாடுகள் தானியங்கித் துவக்குக்கு மாறிக்கொண்டிருந்தவை.

இந்தக் குவியலைக் காசாக்கினவர் சாமுவேல் கம்மிங்ஸ். சிஐஏயில கொஞ்சக் காலம் வேலை செய்துபோட்டு, 1953இல் ‘இன்ரர்ஆம்ஸ்’ எண்டு பிறகு பேரெடுத்த கொம்பனியைத் தொடங்கினார். வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா நகரத்தில பொட்டோமாக் ஆற்றங்கரையில களஞ்சியங்கள். இங்கிலாந்தின்ர மான்செஸ்டரில இன்னொண்டு. அரசுகளிட்ட மொத்தமா வாங்கி, கப்பலில கொண்டுவந்து, துப்புரவாக்கி அமெரிக்க வேட்டைக்காரருக்கு வித்தார். அதே மனிசன்தான் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவுக்குச் சுவீடனிட்ட இருந்து ஜெட் விமானங்களையும் வாங்கிக் குடுத்தவர். மான் வேட்டைக்காரரும் சர்வாதிகாரியும் ஒரே கடையின்ர வாடிக்கையாளர். இந்த இடத்தில எங்களுக்கு அந்தக் ‘கராஜ் பொழுதுபோக்கு’ முதல் தடவையா அவ்வளவு அப்பாவியா தெரியேல்லை.

அப்ப அந்தக் கராஜில என்னதான் நடந்தது? இராணுவத் துவக்கு பாரம் கூட, நீளம் கூட. குழலின்ர நுனி வரைக்கும் மரம் மூடியிருக்கும். சூடான குழலில சிப்பாயின்ர கை படாமல் இருக்க அது. வேட்டைக்காரருக்கு அது தேவையில்லை, அதால முன்பக்க மரத்தை அறுத்தெறிஞ்சவை. பயனெட் கத்தி பூட்டுற கொழுவியை அரத்தால தேய்ச்சு எடுத்தவை. நிமிர்ந்து நிக்கிற போல்டின்ர கைபிடி மேல பூட்டுற தொலைநோக்கியில முட்டும் எண்டு அதை வளைச்சவை. பட்டறையில குடுத்துத் துளை போடுவிச்சுத் தொலைநோக்கி பூட்டினவை. இன்னும் கொஞ்சம் காசிருந்தால் புது வால்நட் மர உடல். மிசூரி மாநிலத்தில வோர்சோ எண்ட சின்ன ஊரில ஃபாஜென், பிஷப் எண்டு இரண்டு கொம்பனிகள் இந்த மர உடல் செய்தே பெயர் எடுத்தவை. சஞ்சிகைகள் படம் போட்டுச் சொல்லிக் குடுத்தது. முப்பது நாப்பது டொலருக்குள்ள ஒரு தொழிலாளிக்கு நல்ல வேட்டைத் துவக்கு கிடைச்சுது. கடையில புதுசு வாங்குறதெண்டால் அதின்ர பல மடங்கு வேணும்.

எங்களை மிச்சம் யோசிக்க வைச்சது ஜப்பானின்ர அரிசாகா துவக்கு. அதின்ர மேல்பக்கத்தில பதினாறு இதழ் செவ்வந்திப் பூ பொறிச்சிருக்கும். அது பேரரசரின்ர சின்னம், துவக்கு பேரரசரின்ர சொத்து எண்டதுக்கு அடையாளம். 1945இல் சரணடைஞ்ச துவக்குகளில பெரும்பாலும் அந்தப் பூவைத் தேய்ச்சு அழிச்சுத்தான் குடுத்தவை. சண்டையில கைப்பற்றினதில பூ அப்படியே இருக்கும். ஆக, அமெரிக்கன் அறுக்கத் தொடங்க முதலே தோத்தவனே தன்ர துவக்கில ஒரு மாத்தம் செய்திட்டான். அந்தச் சின்ன இடத்தைத் தொட்டுப் பார்த்தால் துவக்கு எப்படிக் கைமாறினது எண்டு இண்டைக்கும் ஓரளவுக்குச் சொல்லலாம்.

மறுபக்கத்தில: ஆளப்பட்டவரின் துவக்கு

இதையெல்லாம் வாசிக்கேக்க எங்களுக்கு இன்னொரு கேள்வி வந்தது. அமெரிக்க அரசு தன்ர பழைய துவக்கைத் தன்ர குடிமக்களுக்கு வித்தது. எங்கட பக்கத்தில ஆண்ட பிரித்தானியர் என்ன செய்தவை?

நேரெதிர். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கெண்டு என்ஃபீல்ட் துவக்கை வேற மாதிரிச் செய்து குடுத்தவை. குழலுக்குள்ள சுருள் வரி இல்லாமல் வழுவழுப்பா. வெளியில பார்த்தால் அதே துவக்கு மாதிரி, ஆனால் வெள்ளைச் சிப்பாயின்ர துவக்களவுக்குத் தூரமும் போகாது, குறியும் பிடிக்காது. அதுவும் ஒரு ‘மாத்தம்’தான், வேணுமெண்டு பழுதாக்கிற மாத்தம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில .450 அளவு வேட்டைத் துவக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவரத் தடை போட்டவை, அந்தத் தோட்டா கிளர்ச்சிக்காரரின்ர பழைய இராணுவத் துவக்குக்கு உதவிப்போடும் எண்ட பயத்தில. இந்தியாவில இராணுவத்தின்ர .303 தோட்டா பொதுமக்களின்ர கைக்குப் போகக்கூடாது எண்டு, அதே லீ-என்ஃபீல்ட் பொறியை வைச்சே .315 எண்ட வேற அளவில இஷாப்பூர் தொழிற்சாலை வேட்டைத் துவக்கு செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த .315 நிக்கேல்லை.

இலங்கையில பழைய ஆக்கள் ‘திரீ நொட் திரீ’ எண்டு சொல்லுறது அந்த லீ-என்ஃபீல்டைத்தான். பழைய பொலிஸ் படங்களில தோளில தொங்குறதும் அதுதான். கனடாவில அதே துவக்கை வெட்டி மான் சுட்டவை. இங்க அது எப்பவும் அரசின்ர தோளிலயே இருந்தது. வன்னிப் பக்க வேட்டைக்காரருக்கு இருந்தது ஊர்ப் பட்டறையில செய்த இடியன் துவக்கு. ஒரே இரும்பு, எந்த நாட்டில ஆரின்ர கையில எண்டதைப் பொறுத்து அதின்ர பொருளே மாறுது.

C2766

கதை திரும்புற இடம் 1963. அந்த வருசம் பெப்ரவரியில ‘அமெரிக்கன் றைபிள்மன்’ சஞ்சிகையில சிக்காகோக் கடை ஒண்டு விளம்பரம் போட்டது: இத்தாலி இராணுவத்தின்ர கார்கானோ, தொலைநோக்கி பூட்டினது, 19 டொலர் 95 சதம். மார்ச்சில டாலஸ் நகரத்தில இருந்து ஏ. ஹிடெல் எண்ட பெயரில ஒருவர் தபால் செலவோட 21 டொலர் 45 சதம் மணியோடர் அனுப்பினார். துவக்கு தபால்பெட்டி இலக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1940இல் இத்தாலியின்ர டேர்னி நகரத்தில செய்தது, தொடர் இலக்கம் C2766. ஹிடெல் எண்டது பொய்ப் பெயர். உண்மைப் பெயர் லீ ஹார்வி ஒஸ்வால்ட். நவம்பர் 22இல் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டார்.

இதுவரைக்கும் எல்லாரும் அறிஞ்சது. நாங்கள் அறியாமல் இருந்தது இது: ஐஞ்சு வருசத்துக்கு முதல், 1958இல், இப்படியான இராணுவ மிச்சத் துவக்குகளை இறக்குமதி செய்யிறதைத் தடுக்கச் சட்டமூலம் கொண்டுவந்த செனட்டர்களில ஒருத்தர் ஜோன் எஃப். கென்னடி. உயிர் காக்கிற யோசனையில இல்லை. அவற்ற மசசூசெற்ஸ் மாநிலத்தில துவக்குத் தொழிற்சாலைகள் இருந்தது. இருபது டொலர் வெளிநாட்டுத் துவக்கு உள்ளூர்க் கொம்பனிகளின்ர வியாபாரத்தைக் கெடுத்தது. அந்த முயற்சி முழுசா வெல்லேல்லை. அமெரிக்கா உதவியாக் குடுத்த ஆயுதங்கள் திரும்பி வாறதை மட்டும் தடுக்கிற அளவுக்குச் சுருங்கிப்போச்சு. இத்தாலித் துவக்குக்குத் தடை வரேல்லை.

கென்னடிக்குப் பிறகும் சட்டம் உடன வரேல்லை. 1968 ஏப்ரலில மார்ட்டின் லூதர் கிங், ஜூனில றொபேர்ட் கென்னடி கொல்லப்பட்ட பிறகுதான், ஒக்டோபர் 22இல் ஜனாதிபதி ஜோன்சன் துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில கையெழுத்து வைச்சார். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில துவக்கு விக்கிறதும், இராணுவ மிச்சத்தை இறக்குமதி செய்யிறதும் நிண்டது. உள்ளூர்க் கொம்பனிகள் பத்து வருசமா கேட்டுக்கொண்டிருந்ததும் அதோட சேர்ந்து கிடைச்சது. நல்ல சட்டமா, வியாபாரச் சட்டமா எண்டு எங்களுக்குள்ள வாதம் நடந்தது. இரண்டும்தான் எண்டதில வந்து நிண்டம். ஒரு சட்டத்தின்ர விளைவு நல்லது எண்டதால அதுக்குப் பின்னால நிண்டவை எல்லாரும் நல்ல நோக்கத்தோட நிண்டவை எண்டு வரலாறு எழுத ஏலாது.

வெட்டினதுக்கு விலை

1984இல் சட்டம் இளகினது. பழமைப் பெறுமதியுள்ள இராணுவத் துவக்குகளைத் திரும்ப இறக்குமதி செய்ய விட்டவை. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைஞ்சவுடன உக்ரேன், ரஷ்யக் களஞ்சியங்களில கிறீஸுக்குள்ள தூங்கிக் கிடந்த மொசின்-நகான்கள் பெட்டி பெட்டியா அமெரிக்காவுக்கு வந்தது. எங்கட வீடியோவில இருந்த மனிசன் கழுவினது அதில ஒண்டைத்தான்.

ஆனால் இந்த முறை சனத்தின்ர மனம் மாறியிருந்தது. 1950களில ‘பழைய இரும்பு’ எண்டு அறுத்ததுகள் இண்டைக்குச் சேகரிப்பாளர் தேடுற சாமான். அறுக்காத, முத்திரை அழியாத, பூ தேய்க்காத துவக்குக்குத்தான் விலை. அழகா வால்நட் போட்டு மினுக்கின துவக்கு, அரும்பாடுபட்டுச் செய்ததா இருந்தாலும், அறுக்காததின்ர கிட்டவும் வராது. இப்ப சிலர் பழைய மரத்துண்டுகளைத் தேடி வாங்கி, தாத்தா வெட்டின துவக்கைத் திரும்பப் பழையபடி ஆக்குறதில மினக்கெடுகினம்.

நாங்கள் அந்தத் தாத்தாவைக் குற்றம் சொல்லமாட்டம். அவருக்கு அது யுத்த நினைவுச்சின்னம் இல்லை, மலிவான சாமான். பிள்ளைகளுக்கு இறைச்சி கொண்டுவாற கருவி. அவர்களில கனபேர் அதே யுத்தத்தில நிண்டு திரும்பினவை. அந்த முத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமில்லாமலும் அறுத்திருக்கலாம். ஆனால் அறுத்த இடத்தில ஒரு தகவல் போயிட்டுது. எந்தத் தொழிற்சாலை, எந்தப் படை, சரணடைஞ்சதா பறிச்சதா எண்டது.

இனி எங்கட பக்கம். 1990இல் வடக்குக்கான ரயில் நிண்ட பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கருக்குப் போனது எங்கட வீட்டாக்கள் எல்லாருக்கும் தெரியும். செல் கோது பூச்சாடியா நிண்ட வீடுகள் இருக்கு. எங்களில் ஒருத்தியின்ர அம்மம்மா வீட்டில இரும்பு ரவைப்பெட்டி ஒண்டு இருக்கு. அதுக்குள்ள சுத்தியல், ஆணி, குறடு. போன வருசம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கேக்க மாமா மிஞ்சின நீலப் பெயின்றை அந்தப் பெட்டிக்கும் அடிச்சிட்டார். முந்தி பக்கத்தில வெள்ளை எழுத்தில ஏதோ இலக்கம் இருந்ததாம். என்ன இலக்கமெண்டு இப்ப ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஆரின்ர பெட்டி, எப்ப வீட்டுக்கு வந்தது எண்டு அம்மம்மாவிட்டக் கேட்டம். “அது கிடந்தது பிள்ளை, எடுத்து வைச்சன்” எண்டு மட்டும் சொன்னா.

அம்மம்மா செய்ததில பிழையில்லை, மாமா செய்ததிலயும் இல்லை. பெட்டி பெட்டியாத்தான் பயன்பட வேணும். ஆனால் உங்கட வீட்டிலயும் அப்படி ஏதும் இருந்தால், பெயின்ற் அடிக்க முதல் ஒரு படம் எடுத்து வையுங்கோ. அது எங்க இருந்து வந்தது எண்டு கேட்டு, சொல்லுறதை அப்படியே எழுதியும் வையுங்கோ. கேட்கிறதுக்கு ஆக்கள் இருக்கேக்கயே கேட்க வேணும்.